கழுவக் கூடாத பாட்டிலைக் கழுவிய கதை

தண்ணீர்ப் பரிசோதனையில் கிருமி பார்க்கும் பாட்டிலைக் கழுவக் கூடாது. உப்பு பார்க்கும் கேனைக் கழுவாமல் தண்ணீர் பிடிக்கக் கூடாது. இந்த இரண்டு வரியை யாராவது முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கு ராமநாதபுரத்துக்கு ஒரு நடையாவது மிச்சமாகியிருக்கும். யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில், கடலை ஒட்டி இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தண்ணீர்க் கதையை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போர் போட்டால் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் வரும். வராத நாளில் குடத்துக்கு இவ்வளவு என்று வண்டித் தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் போர், குடிக்கவும் உலை வைக்கவும் வண்டி என்று பழகிவிட்டோம்.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. விட்ட மூன்றாம் நாள் என் சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டு நாளில் எழுந்து சோறு கேட்டாள். அங்கே இருந்த நர்ஸம்மா சொன்ன ஒன்றை மட்டும் கடலோரத்து அம்மாக்கள் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொடியை உப்புத் தண்ணீரில் கலக்காதீர்கள். ஒரு பாக்கெட் ஒரு லிட்டருக்கு என்பது நல்ல தண்ணீருக்கான கணக்கு. ஏற்கெனவே உப்பாக இருக்கும் தண்ணீரில் பாக்கெட் உப்பும் சேர்ந்தால் பிள்ளையின் உடம்புக்கு உப்பு எகிறிவிடும். நான் முதல் பாக்கெட்டைப் போர்த் தண்ணீரில்தான் கலந்து வைத்திருந்தேன். பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்க வைத்த தண்ணீர் என்று பெருமை வேறு. கொதித்தால் கிருமி சாகும், உப்பு எங்கே போகும்? அப்படியே வாசலில் ஊற்றினேன்.

அதற்குள் எங்கள் தெருவில் மட்டும் ஏழு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். பழி முழுக்கப் போர்த் தண்ணீர் மேல். "அந்தச் சனியன் பிடிச்ச தண்ணியில பாத்திரம் கழுவுனா அப்படித்தான் ஆகும்" என்றார் மாமியார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அந்த வாரமே ஆர்.ஓ. மெஷின் விற்கிற பையன் ஒருவன் பேனா மாதிரி மீட்டரோடு வந்துவிட்டான். போர்த் தண்ணீரில் முக்கினான், 3,400. வண்டித் தண்ணீரில் முக்கினான், 180. "அக்கா, வண்டித் தண்ணி கடையில விக்கிற மினரல் வாட்டர் மாதிரி இருக்கு. போர்தான் விஷம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான். தெருவே தலையாட்டியது. நானும்தான். அந்தப் பேனா, கரைந்திருக்கிற உப்பை மட்டும்தான் காட்டும். கிருமி கோடிக்கணக்கில் இருந்தாலும் 180 என்றுதான் காட்டும். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தண்ணீரை முறைப்படி பரிசோதித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அந்தப் பையன் மேல் வந்த எரிச்சலில்தான். ராமநாதபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு கூல்டிரிங்ஸ் பாட்டிலை நன்றாகக் கழுவி, போர் ஒன்று வண்டி ஒன்று என்று பிடித்துக்கொண்டு போனேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"லெட்டர் எங்கம்மா?"

"என்ன லெட்டர் சார்?"

"பஞ்சாயத்து லெட்டர். அது இல்லாம எப்படி எடுக்கிறது? அப்புறம் இது என்ன, ஜூஸ் பாட்டிலா?"

கண்ணாடி பாட்டில் ஒன்றை மேஜை மேல் வைத்தார். வாயில் பழுப்புத் தாள் சுற்றி நூல் கட்டியிருந்தது. "கிருமி பார்க்க இதுல ஒண்ணு. உப்பு பார்க்க ரெண்டு லிட்டர் கேன்ல ஒண்ணு. லெட்டரோட வாங்க." அவ்வளவுதான். எப்படிப் பிடிக்க வேண்டும், எந்த நாளில் வர வேண்டும், ஒரு வார்த்தை இல்லை. கேட்கலாமென்று வாயெடுத்தேன், அவர் மறுபடி போனுக்குள் போய்விட்டார். போருக்கும் ஒரு பாட்டில் வேண்டுமென்று கேட்டு வாங்கியதே எனக்குப் பெரிய சாதனையாகத் தெரிந்தது.

லெட்டர் வாங்குவது தனிக்கதை. தலைவர் இருந்த காலத்தில் வீட்டு வாசலில் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடலாம். பஞ்சாயத்துத் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது, அதன் பிறகு தனி அலுவலர்தான். எழுதிக் கொடுப்பது ஊராட்சிச் செயலர், கையெழுத்து யூனியன் ஆபீஸில். அவர் மீட்டிங், இவர் ஃபீல்டு என்று மூன்று நாள். வியாழன் சாயங்காலம் லெட்டர் கைக்கு வந்ததும் ராத்திரியே பாட்டிலை எடுத்தேன். அடியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அரசாங்க பாட்டில், எவன் கழுவினானோ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். இரண்டு பாட்டிலையும். விடிந்ததும் பாட்டிலிலும் கேனிலும் தண்ணீர் பிடித்து பஸ் ஏறிவிட்டேன்.

அன்றைக்கு உள்ளேயிருந்து சின்ன வயசுப் பெண் ஒருத்தி வந்தாள். வெள்ளை கோட்டு. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, கழுவுனீங்களா?"

"ஆமா, நல்லா சோப்புப் போட்டு…"

தலையில் கை வைத்துக்கொண்டாள். பாட்டில் ஏற்கெனவே நீராவியில் கிருமி நீக்கியதாம். அந்த வெள்ளை அழுக்கில்லை, சோடியம் தயோசல்பேட் என்ற மருந்தாம். தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால் அது பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே வரும். இங்கே வந்து பார்த்தால் தண்ணீர் சுத்தம் என்று பொய்யாகக் காட்டும். அதைத் தடுக்கத்தான் அந்த மருந்து. நான் அதைத்தான் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து எடுத்திருக்கிறேன். போதாக்குறைக்கு அன்று வெள்ளிக்கிழமை. கிருமிப் பரிசோதனையை 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் எடுத்துப் பார்க்க வேண்டும், சனி ஞாயிறு ஆள் இல்லை, அதனால் வாங்க மாட்டார்கள். கேன் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டு புது பாட்டில் இரண்டைக் கொடுத்தாள். நான் கேட்காமலே பத்து நிமிஷம் நின்று எல்லாவற்றையும் சொல்லியும் கொடுத்தாள். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும்.

அவள் சொன்னது: கேனை, பிடிக்கப் போகிற அதே தண்ணீரால் இரண்டு மூன்று தரம் அலசி வாய் வரை நிரப்ப வேண்டும். பாட்டிலை அலசவே கூடாது, முழுக்க நிரப்பவும் கூடாது, கொஞ்சம் காலி விட வேண்டும். குழாய் வாயை ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, இரண்டு நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். மூடியின் உட்பக்கம் விரல் படக் கூடாது. மூடியைக் கீழேயும் வைக்கக் கூடாது. ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 24 மணி நேரம் தாண்டினால் வேலைக்காகாது.

வீட்டுக்கு வந்து புலம்பிக்கொண்டிருந்தபோது என் மதினி சிரித்தார். "இந்தத் தண்ணி டெஸ்ட்டுக்கு ஒரு டப்பா பஞ்சாயத்து ஆபீஸ் பீரோவுல கிடக்கே." ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். எங்கள் ஊர் ஐந்து பேரில் ஒருத்தி என் சொந்த மதினி! பயிற்சியில் கொடுத்த சமோசா வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, டப்பா இருப்பது நான் மூன்று நாள் யூனியன் ஆபீஸுக்கு நடந்தபோது ஞாபகம் வரவில்லை. திட்ட வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன், பீரோ சாவி வாங்க அவர் துணை வேண்டும்.

டப்பாவுக்குள் எச்2எஸ் பாட்டில்கள், சின்ன மருந்துப் புட்டி அளவு, உள்ளே ஒரு தாள் துண்டு. தேதியைப் பார்த்து எடுங்கள், எங்கள் டப்பாவில் பாதிக்கு மேல் காலாவதி. கோடு வரை தண்ணீர் ஊற்றி, குலுக்கி, கதகதப்பான இடத்தில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். குளிர்காலமென்றால் 48. கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கலாம் என்று அர்த்தம். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் துண்டில் சுற்றி அடுப்பு மேடை மூலையில், புளிச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் துண்டைப் பிரித்தால், போர்த் தண்ணீர் ஊற்றினபடியே இருக்கிறது. வண்டித் தண்ணீர் மையாகக் கறுத்துக் கிடக்கிறது. மூடியைத் தளர்த்தியதும் கூமுட்டை நாற்றம். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "மாத்தி வச்சுட்டியாடி?" என்றார். மாற்றவில்லை. பெயரெழுதி ஒட்டியிருந்தேன். நர்ஸம்மா சொன்னதைக் கேட்டு நான் என் பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். கலந்தது இந்த வண்டித் தண்ணீரில்தான். நல்லவேளை, அதையும் கொதிக்க வைத்திருந்தேன்.

திங்கள் காலை ஆறரைக்கு வண்டி வந்தது. வீட்டுக்காரரின் மீன் ஐஸ் பெட்டியோடு போய் நின்றேன். இதில் ஒரு எச்சரிக்கை: மீன் பெட்டி ஐஸ் உருகினால் அந்தத் தண்ணீர் பாட்டில் வாய்க்குள் இறங்கிவிடும், எல்லாப் பாடும் வீண். பாட்டிலைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, நிமிர்த்தி வையுங்கள். நான் குழாயைத் துடைப்பதைப் பார்த்து வண்டிக்காரர் இறங்கி வந்தார்.

"என்னம்மா பண்ற? என் பொழப்புல மண்ணள்ளிப் போடப் போறியா?"

நான் பேசாமல் கறுத்த புட்டியை நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பேரனும் இதைத்தான்மா குடிக்கிறான். முந்தாநாள்தான் ஊசி போட்டுட்டு வந்தோம்" என்றார். அப்புறம் அவரே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாதிரி கொடுத்தது பத்து நிமிஷ வேலை. நான் திரும்பி வருவதற்குள் சுகாதார ஆய்வாளர் ஊருக்கு வந்துவிட்டார். ஞாயிறு ராத்திரியே கறுத்த புட்டியை போட்டோ எடுத்து நர்ஸம்மாவுக்கு அனுப்பியிருந்தேன், அதன் பலன். என்னைக் கேட்டால், ஒரே தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வயிறு போனால் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். முதலில் சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள், வந்து பார்ப்பது அவர்கள் வேலை. தனியாக லெட்டருக்கு அலைந்ததுதான் நான் செய்த முதல் தப்பு.

வண்டி தண்ணீர் எடுப்பது உள்ளே ஒரு மணல் ஊற்றுக் கிணற்றில். மணல் வடிகட்டித் தரும் தண்ணீர், தேனாக இனிக்கும். ஆனால் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. மழை வெள்ளம் ஆட்டுப் புழுக்கையையும் இன்னதையும் அடித்துக்கொண்டு நேரே உள்ளே இறங்கியிருக்கிறது. வண்டி டேங்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன், அடியில் வழுவழுவென்று பாசி, முழங்கை வரை ஒட்டிக்கொண்டது. அன்றே கிணற்றுக்கு மருந்து போட்டு, டேங்கைத் தேய்த்துக் கழுவினார்கள். இனி ஒவ்வொரு லோடுக்கும் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அரை மணி நேரம் விட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று ஆய்வாளர் கணக்குச் சொன்னார். மதினிக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தினமும் காலையில் குளோரோஸ்கோப்பில் மருந்துச் சொட்டு விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கிறார், குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். கறுத்த புட்டியைச் சும்மா தூக்கிப் போடாதீர்கள், உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிற கிருமி. பிளீச்சிங் பவுடர் போட்டுக் குழிதோண்டிப் புதைத்தோம்.

ஆய்வுக்கூடத் தாள் எல்லாம் முடிந்து அடுத்த வாரம் வந்தது. வண்டித் தண்ணீர்: ஈ.கோலை என்ற மலக்கிருமி உண்டு, குடிப்பதற்கு உகந்ததல்ல. போர்த் தண்ணீர்: கிருமி இல்லை, ஆனால் கரைந்த உப்பு 2012ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் வேறு வழியில்லாவிட்டால் அனுமதிக்கிற லிட்டருக்கு 2,000 மில்லிகிராமையும் தாண்டிவிட்டது, அதனால் இதுவும் உகந்ததல்ல. அலைந்து திரிந்து இரண்டு தண்ணீரும் ஆகாது என்று சீல் வைத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

தெருவில் இப்போது புதுப் புகார், தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது, டீ விளங்கவில்லை என்று. மாமியார்தான் அதில் முதல் ஆள். போன வாரம் இன்னொரு புட்டி வைத்தேன். 48 மணி நேரம் ஆகியும் ஊற்றின நிறத்திலேயே இருந்தது. காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், புளிச்சாடிக்குப் பக்கத்திலேயே திருப்பி வைத்தார்.

"இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும்" என்றார்.