பிறந்த ஊரும் அணிந்த சட்டையும்: ஜெர்மனிக்கு ஆடிய அயல்நாட்டுப் பிள்ளைகள்

2006 ஜூன் 14 அன்று இரவு டோர்ட்முண்டு மைதானத்தில் ஜெர்மனியும் போலந்தும் உலகக் கோப்பைக் குழு ஆட்டத்தில் மோதியபோது, ஜெர்மனியின் முன்கள வீரர்கள் இருவருமே போலந்தில் பிறந்தவர்களாக இருந்தார்கள். மிரோஸ்லாவ் குளோசே ஓபோலே நகரில் பிறந்தவர். லூகாஸ் போடோல்ஸ்கி அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கிளிவிட்ஸேயில் பிறந்தவர். ஆட்டம் முடியும் தறுவாயில் குளோசே அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்ப, அதை மறுபடியும் அடித்த மிகாயேல் பாலாக்கின் முயற்சியும் அதே கம்பத்தில் மோதியது. ஆட்டம் கோலின்றி முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அடுத்த நிமிடமே டேவிட் ஓடோன்கோர் வலப்பக்க ஓரத்தில் விரைந்து ஓடிப் பந்தைக் குறுக்கே அனுப்ப, சறுக்கிக்கொண்டே நீட்டிய காலால் அதை வலைக்குள் தள்ளினார் ஓலிவர் நொவில். போடோல்ஸ்கிக்கு மாற்றாகக் களமிறங்கியிருந்த நொவில், சுவிட்சர்லாந்தில் இத்தாலிய மொழி வழங்கும் லோகார்னோவில், ஜெர்மானியத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் பிறந்தவர்.

அந்த ஆட்டத்தைப் பார்த்த சில நாட்களுக்குள், வேறு நாட்டில் பிறந்து ஜெர்மனிக்கு ஆடியவர்களின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். பெயர், பிறந்த ஊர், முதல் ஆட்டம், மொத்த ஆட்டங்கள் என்று நான்கு பத்திகள். ஆண்டுகள் செல்லச் செல்லப் பட்டியல் நீண்டது. 2010-இல் அதில் துருக்கிய வம்சாவளியினரான மெசுட் ஓசிலின் பெயரையும் எழுதிவிட்டு, பிறந்த ஊர் என்னும் பத்தியை நிரப்பத் தேடியபோதுதான் அவர் பிறந்தது ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரம் என்று தெரிந்தது. பெயரை அடித்தேன். ஆனால் ஏன் எழுதினேன் என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. லோகார்னோவில் பிறந்த நொவிலைப் பட்டியலில் சேர்க்க எனக்குப் பல நாட்களாயின. ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த ஓசிலைச் சேர்க்க ஒரு நொடியும் ஆகவில்லை. பெயரைப் பார்த்தே ஒருவரை அயலாராக எண்ணும் பழக்கம் என்னிடமும் இருந்திருக்கிறது. அதன் பிறகு அந்தப் பட்டியலை நான் வேறு விதமாகவே வாசித்து வருகிறேன்.

ஜெர்மனியின் குடியுரிமைச் சட்டம் எப்படி இயங்கியது என்று தெரியாமல் இந்தப் பெயர்களைப் புரிந்துகொள்ள முடியாது. 1913-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பிறந்த மண்ணை வைத்து அல்ல, பெற்றோரின் வம்சத்தை வைத்தே தீர்மானித்தது. ஆகவே அறுபதுகளில் துருக்கியிலிருந்து சுரங்க வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் ஜெர்மனியில் பிறந்தும் சட்டப்படி அயல்நாட்டவராகவே வளர்ந்தார்கள். அதே வேளையில், போலந்து, ருமேனியா, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மானிய வம்சாவளியினர் ஜெர்மனிக்குத் திரும்பினால், அரசியல் சாசனத்தின் 116-ஆவது பிரிவு அவர்களுக்குக் குடியுரிமைக்கான வழியைத் திறந்து வைத்திருந்தது. 1950 முதல் இப்படி வந்து சேர்ந்தவர்கள் சுமார் 45 லட்சம் பேர். ஜெர்மனியில் பிறக்கும் அயல்நாட்டவரின் பிள்ளைகளுக்கும், பெற்றோரில் ஒருவர் எட்டு ஆண்டுகள் சட்டப்படி அங்கு வாழ்ந்திருந்தால், பிறப்பிலேயே குடியுரிமை உண்டு என்ற மாற்றம் 2000 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் ஒரு முனையில் நிற்பவர் குளோசே. அவர் பிறந்தது 1978-இல். அவருடைய தந்தை யோசெஃப் பிரான்ஸின் ஓசேர் அணிக்கு ஆடிய கால்பந்து வீரர். தாய் பார்பரா போலந்தின் ஹேண்ட்பால் தேசிய அணிக்கு ஆடியவர். குடும்பம் ஜெர்மன் வம்சாவளியைச் சேர்ந்தது என்பதால், எண்பதுகளின் நடுவில் அவர்கள் ஜெர்மனிக்குள் வந்து, குசெல் என்னும் சிற்றூரில் குடியேறினார்கள். வந்தபோது எட்டு வயதை ஒட்டியிருந்த சிறுவனுக்கு ஜெர்மன் மொழி ஏறக்குறையத் தெரியாது. வளர்ந்தபின் தச்சுத் தொழில் பயின்றார். பக்கத்து ஊர்க் கழகமான பிளௌபாக் டீடல்கோஃபுக்கு ஆடினார். பிறகு ஹோம்புர்க், கைசர்ஸ்லாட்டர்ன் என்று படிப்படியாக உயர்ந்தார். சிறு வயதிலேயே கழகப் பயிற்சிக்கூடங்களில் சேர்ந்து வளரும் இன்றைய வீரர்களோடு ஒப்பிட்டால், அவர் மிகவும் தாமதமாக வந்தவர்.

போலந்தின் அன்றைய பயிற்சியாளர் யெர்சி எங்கல் அவரைத் தம் அணிக்கு அழைத்துப் பார்த்தார். குளோசே ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தார். 2001 மார்ச்சில் லெவர்குசனில் அல்பேனியாவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, கடைசி நிமிடங்களில் வெற்றிக் கோலை அடித்தார். 2002 உலகக் கோப்பையில் அவர் அடித்த ஐந்து கோல்களும் தலையால் முட்டி அடித்தவை. 2006-இல் ஐந்து, 2010-இல் நான்கு, 2014-இல் இரண்டு, ஆக 16. அந்தப் பதினாறாவது கோல் பெலோ ஒரிசோன்ட்டேயில் பிரேசிலை 7-1 என்று வீழ்த்திய அரையிறுதியில் வந்தது. முதல் முயற்சியைத் தடுத்த கோல்காப்பாளரின் கையிலிருந்து திரும்பி வந்த பந்தை மறு நொடியே வலைக்குள் தள்ளினார். அதுவரை 15 கோல்களோடு சாதனையைப் பகிர்ந்துகொண்டிருந்த ரொனால்டோ பிரேசில்காரர் என்பதால், அந்த இரவு அந்நாட்டவர்க்கு இரட்டிப்பு வலி. 137 ஆட்டங்களில் 71 கோல்கள் என்ற கணக்கோடு, ஜெர்மனிக்காக மிக அதிகக் கோல்கள் அடித்தவராக அவர் ஓய்வு பெற்றார்.

வெளியில் பிறந்தவர்கள் ஜெர்மன் அணியில் ஆடுவது புதிய விஷயம் என்று சிலர் எழுதுவது எனக்கு எப்போதும் வருத்தத்தைத் தரும். 1954-இல் பெர்ன் நகரில் ஹங்கேரியை 3-2 என்று வென்ற இறுதியாட்டத்தை ஜெர்மானியர்கள் இன்றும் 'பெர்ன் அற்புதம்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பதினொருவரில் ஒருவரான தற்காப்பு வீரர் யோசெஃப் போசிபால் பிறந்தது ருமேனியாவின் லூகோஜ் நகரத்தில். பானாட் பகுதியின் ஜெர்மானியச் சமூகத்திலிருந்து போர்க்காலத்தில் ஜெர்மனிக்கு வந்து, பின்னர் ஹாம்பர்க் கழகத்தில் நிலைபெற்றவர் அவர். நாடு வென்ற முதல் உலகக் கோப்பையிலேயே இக்கதை தொடங்கிவிட்டது.

அதற்கும் முன்பு ஒரு கறுப்பு அத்தியாயம் உண்டு. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை நாஜி ஜெர்மனி விழுங்கியபின், உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்த ஆஸ்திரிய அணி இல்லாமற்போனது. பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் ஜெர்மானியரையும் ஆஸ்திரியரையும் ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் கலந்து களமிறக்க வேண்டும் என்று மேலிடம் உத்தரவிட்டது. இரு வேறு பாணிகளில் பழகியவர்களைச் சில வாரங்களில் ஓர் அணியாக்க முடியவில்லை. பாரிஸில் சுவிட்சர்லாந்துடன் 1-1 என்று சமன் செய்து, மறு ஆட்டத்தில் இரண்டு கோல்கள் முன்னிலை பெற்றும் 2-4 என்று தோற்று, முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். ஆஸ்திரியாவின் மாபெரும் வீரரான மத்தியாஸ் சிண்டெலார் அந்த அணியில் சேரவில்லை. 1939 ஜனவரியில் வியன்னாவில் இறந்து கிடந்தார். அந்தச் சட்டையை அணிந்த ஆஸ்திரியர்களை என் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எங்கும் குடிபெயரவில்லை. அவர்களுடைய நாடுதான் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

என் குறிப்பேட்டில் நான் அதிகம் மதிக்கும் பெயர் ஜெரால்டு அசமோவா. கானாவின் மம்போங்கில் 1978-இல் பிறந்து, 12 வயதை எட்டும் பருவத்தில் ஹனோவரில் இருந்த பெற்றோரிடம் வந்து சேர்ந்தார். அவருக்கு ஜெர்மானிய வம்சாவளி கிடையாது. குடியுரிமையை விண்ணப்பித்தே பெற வேண்டியிருந்தது. 1998-இல் அவருடைய இதயத்தின் நடுச்சுவர் தடித்திருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்து, ஆட்டத்தையே விட்டுவிடச் சொன்னார்கள். மேலும் பரிசோதனைகள் செய்த பிறகு, இதயத்தை மீட்கும் மின்னதிர்ச்சிக் கருவி மைதானத்தின் ஓரத்தில் எப்போதும் தயாராக இருக்கும் ஏற்பாட்டோடு அவர் தொடர்ந்து ஆடினார். 2001 மே மாதத்தில் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராகக் களமிறங்கி, ஆப்பிரிக்காவில் பிறந்து ஜெர்மனிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். அந்த ஆட்டத்திலேயே கோலும் அடித்தார். 43 ஆட்டங்கள் ஆடினார். 2002 இறுதியாட்டத்திலும் மாற்று வீரராக இறங்கினார். 2006 உலகக் கோப்பையின்போது நாடே கொடிகளை அசைத்துக் கொண்டாடியது. அது முடிந்து சில வாரங்களில் ஓர் உள்நாட்டுக் கோப்பை ஆட்டத்தில் பார்வையாளர்கள் சிலர் அசமோவாவைப் பார்த்துக் குரங்கைப் போல ஒலியெழுப்பினார்கள். ஒரே ஆண்டு, ஒரே வீரர். இதை வாசித்த நாளில் எனக்கு உண்டான கோபம் இன்றும் தணியவில்லை.

பிரேசிலில் பிறந்தவர்களின் கதை வேறு வகை. கூரிச்சிபாவில் பிறந்த பாவுலோ ரிங்கின் முன்னோர் ஜெர்மானியர். ரியோவில் பிறந்த கெவின் குரான்யியின் தந்தை ஜெர்மானியர், தாய் பனாமாக்காரர். ககாவு மட்டும் இரத்த உறவு ஏதுமின்றி வந்தவர். முனிக்கில் துருக்கியக் குடியேறிகள் நடத்திய ஒரு சிறு கழகத்தில், ஐந்தாம் நிலை லீகில் ஆடத் தொடங்கி, 2009-இல் குடியுரிமை பெற்று, அடுத்த ஆண்டே டர்பனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக உலகக் கோப்பையில் கோல் அடித்தார். அவரைப் பிற்காலத்தில் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் குடியேறிகளை ஒருங்கிணைக்கும் பணிக்கான பொறுப்பாளராக நியமித்தது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன்.

மீண்டும் ஓசிலிடம் வருகிறேன். 1988-இல் கெல்சன்கிர்ஷனில் பிறந்தும் துருக்கியக் குடிமகனாக வளர்ந்த அவர், அதைத் துறந்துவிட்டுத்தான் 2007-இல் ஜெர்மானியக் குடியுரிமை பெற்றார். 92 ஆட்டங்கள் ஆடினார். 2014-இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். 2018 மே மாதத்தில் துருக்கி அதிபர் எர்டோவானோடு அவர் எடுத்துக்கொண்ட படம் பெரும் சர்ச்சையானது. அடுத்த மாதம் ஜெர்மனி உலகக் கோப்பையின் குழுச் சுற்றிலேயே வெளியேறியதும் பழி அவர் பக்கம் திரும்பியது. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டது தவறு என்பதே என் கருத்து. ஆனால் ஜூலை 22 அன்று தேசிய அணியிலிருந்து விலகியபோது அவர் வெளியிட்ட அறிக்கையில் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: குளோசேயையும் போடோல்ஸ்கியையும் யாரும் போலந்து-ஜெர்மானியர் என்று அழைப்பதில்லையே, என்னை மட்டும் ஏன் துருக்கிய-ஜெர்மானியர் என்கிறீர்கள்? வென்றால் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி என்று தாம் நடத்தப்படுவதாகவும் அவர் எழுதியிருந்தார். ஓபோலேயில் பிறந்தவரிடம் கேட்கப்படாத கேள்வி, கெல்சன்கிர்ஷனில் பிறந்தவரிடம் கேட்கப்பட்டது.

இத்தனைக்கும் களத்தில் இவர்கள் நடந்துகொண்ட விதம் ஒன்றுபோலவே இருந்தது. 2008 யூரோ போட்டியில் கிளாகன்ஃபர்ட்டில் போலந்துக்கு எதிராகப் போடோல்ஸ்கி இரண்டு கோல்கள் அடித்தார். முதலாவதற்குப் பந்தைத் தட்டிக் கொடுத்தவர் குளோசே. சக வீரர்கள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள்; போடோல்ஸ்கி கைகளை உயர்த்தவில்லை, சிரிக்கவும் இல்லை. 2010 அக்டோபரில் பெர்லினில் துருக்கியை ஜெர்மனி 3-0 என்று வென்ற ஆட்டத்தில், பந்தைத் தொடும்போதெல்லாம் துருக்கிய ரசிகர்களின் சீழ்க்கையொலியைத் தாங்கிக்கொண்டு ஆடிய ஓசில், கோல் அடித்தபோது அவரும் கொண்டாடவில்லை. இந்த இரண்டு காட்சிகளையும் நான் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். எந்த வார்த்தையும் சொல்லாமல் இரு வீடுகளுக்கும் மரியாதை செய்வதற்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெண்கள் அணியைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் குறிப்பேடு குறையுடையதாகிவிடும். கொசோவோவில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு ஜெர்மனிக்குத் தப்பி வந்த ஃபாத்மிரே பைராமாய், 2007-இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். புடாபெஸ்டில் பிறந்த ஜெனிஃபர் மரோசான், ஹங்கேரியின் தேசிய வீரரான தம் தந்தை சார்புரூக்கன் கழகத்துக்கு ஆட வந்ததால் ஜெர்மனியில் வளர்ந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஸ்வீடனுக்கு எதிராக முதல் கோலை அடித்துத் தங்கத்துக்கு வழிசெய்தார்.

பட்டியல் இன்றும் நீள்கிறது. கேமரூனின் யாவுண்டேயில் பிறந்த யூசுஃபா முகோகோ 2022-இல், 18 வயது நிறைந்த மூன்றாம் நாளில், உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு ஆடிய மிக இளையவர் ஆனார். உஸ்பெகிஸ்தானின் அல்மாலிக் நகரில் பிறந்த வால்டெமார் ஆண்டன் 2024-இல் முதல்முறையாகச் சட்டையை அணிந்தார்.

போடோல்ஸ்கி 2017 மார்ச்சில் டோர்ட்முண்டில், அதாவது நொவில் போலந்தை வீழ்த்திய அதே மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராகத் தம் 130-ஆவது ஆட்டத்தை ஆடி விடைபெற்றார். தூரத்திலிருந்து இடது காலால் அவர் அடித்த பந்துதான் அன்றைய ஒரே கோல். நான்கு ஆண்டுகள் கழித்து, 36 வயதில், தாம் பிறந்த கிளிவிட்ஸேயை ஒட்டியுள்ள ஸப்ஜே நகரின் கூர்னிக் கழகத்தில் சேர்ந்து, போலந்து லீகில் ஆடத் தொடங்கினார்.