பொன்னெழுத்தும் குறுந்தகடும்

2011-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தபோது, கறுப்பு ரெக்சின் அட்டைப் பிரதிகளோடு ஒரு குறுந்தகடும் கேட்டார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறை அப்படி. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃபிளிப்நெட் மையத்தின் சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றுவதற்காம். அட்டையின் பொன்னெழுத்தில் என் பெயருக்கு ஒரு புள்ளி விடுபட்டதற்காக பைண்டிங் கடையில் இரண்டு நாள் சண்டை போட்டேன். குறுந்தகட்டையோ உறையில் போட்டதோடு மறந்துவிட்டேன்.

போன வாரம் சோத்கங்காவில் என் ஏட்டைத் திறந்து ‘நெய்தல்’ என்று தேடினேன். ஒன்றுமில்லை. அத்தியாயத் தலைப்பே நெய்தல்தான்! ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டுகின்றன. ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வினை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு உளறல். மூலக் கோப்பு ஏதோ ஒரு பழைய பென்டிரைவில் இருக்க வேண்டும். இரண்டு நாளாக அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.