கால்சியம் குறைவு என்று சொல்லிக் கழிந்த ஏழு மாதங்கள்

எங்கள் லேப்ரடார் ஜூலி எட்டு மாதக் குட்டியாக இருந்தபோது, பின்னங்கால்கள் இரண்டையும் ஒருசேரத் தூக்கி முயலைப் போலத் தாவி ஓடுவாள். பாபநாசத்தில் எங்கள் தெருவே அதைப் பார்த்துச் சிரித்தது, நாங்களும் சிரித்தோம். முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்து எழத் தொடங்கிய பிறகுதான் மருத்துவரிடம் போனோம். அவர் இடுப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கால்சியம் குறைவு என்று மருந்து எழுதிக் கொடுத்தார். ஏழு மாதம் புகட்டினோம். பெரிய இனக் குட்டிகளுக்கு அளவுக்கு மீறிய கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கவே செய்யும் என்று பின்னால் தெரிந்தபோது வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அடுத்து தஞ்சாவூரில் ஓரிடத்தில் எக்ஸ்ரே. மயக்க மருந்து இல்லாமல் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து எடுத்ததில் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து, படம் எதற்கும் உதவாமல் போயிற்று. நாயை மல்லாக்கக் கிடத்தி, பின்னங்கால்களை இணையாக நீட்டி எடுத்தால்தான் மூட்டு தெளிவாகத் தெரியும். வலியுள்ள நாய் விழித்திருக்கும்போது அதற்கு இணங்காது. பணம் கட்டும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிச் சென்றோம். "வாயில்லா ஜீவனைப் பட்டினியாகவா அனுப்புவது?" என்று அம்மா விடியற்காலையில் இரண்டு இட்லி ஊட்டியிருந்தது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வயிற்றில் உணவிருக்க மயக்க மருந்து தர மாட்டார்கள். வண்டி வாடகை வீண்.

இரண்டாம் பயணத்தில் படம் சரியாக வந்தது. கிண்ணத்துக்குள் பந்துபோல் உட்கார வேண்டிய தொடையெலும்பின் தலை பாதி வெளியே நின்றது: ஹிப் டிஸ்பிளேசியா. இடுப்பெலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்தும் அறுவையைத் தேய்மானம் தொடங்கும் முன், பெரும்பாலும் பத்து மாத வயதுக்குள் செய்துவிட வேண்டும். ஜூலிக்கு அப்போது பதினைந்து மாதம். செயற்கை மூட்டின் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

ஆகவே எடையைத்தான் குறைத்தோம். தயிர்சாதம் நின்றது, மாதந்தோறும் நெல் மண்டித் தராசில் நிறுத்தியதில் 38 கிலோ 31 ஆயிற்று. வலி மிகும் நாள்களில் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் மெலாக்சிகாம், அதுவும் உணவுக்குப் பிறகு. மருந்துக்கடையில் மனிதருக்கான ஐபுபுரூஃபனை எடுத்து நீட்டினார்கள். நாய்க்கு அது நஞ்சு. டைல்ஸ் தரையில் விரித்த கோரைப்பாய் அவளோடு சேர்ந்து வழுக்கியதால் தேங்காய்நார் விரிப்புக்கு மாறினோம்.

மூட்டில் பாரம் ஏறாமல் தசையை வலுப்படுத்த நீச்சலைப்போல் வேறில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குடமுருட்டியில் தண்ணீர் வந்ததும், மார்பு வாரில் கயிறு கட்டி, இழுப்பில்லாத ஓரத்தில் தினமும் பத்து நிமிடம் நீந்தவிட்டேன். போன வாரம் படித்துறையில் ஏறும்போது பின்னங்கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.