எனக்கு கூட்டம்தான் புடிக்கும்: செவன்டீன், ஏட்டீஸ், அப்புறம் கொஞ்சம் நாவல்

கே-பாப்ல, அதான் கொரியா பாட்டுல, உனக்கு யாரு புடிக்கும்னு கேட்டா முக்காவாசி பேரு பிடிஎஸ்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்கு போயிருவாங்க. எனக்கும் பிடிஎஸ் புடிக்கும்தான், ஆனா நான் தலகுப்புற விழுந்து கெடக்குறது செவன்டீன், ஏட்டீஸ்னு ரெண்டு குழுவுலயும். அத எழுதுறப்பவே இந்த யங் அடல்ட் நாவல் (டீன் ஏஜ் புள்ளைங்களுக்குன்னு எழுதுறது) கதையையும் சேத்து எழுதிடலாம்னு இருக்கேன், ஏன்னா ரெண்டுலயும் எனக்கு புடிக்கிறதுக்கும் கடுப்பாகுறதுக்கும் காரணம் ஒண்ணேதான். எனக்கு கூட்டம் வேணும். ஒரே ஒருத்தி, அவளுக்கு மட்டும் ஏதோ சக்தி, அவள ரெண்டு பேரு லவ் பண்றான், அதுக்காக நாடே பத்தி எரியுதுன்னா நான் புக்க மூடி வெச்சுட்டு கருவாடு காய வெக்க போயிருவேன்.

செவன்டீன்ல ஆளு 13 பேரு. பேரு 17ங்குறாங்க, ஆளு 13தான நிக்குது, மிச்சம் 4 பேரு எங்கன்னு எங்க அண்ணன் பாக்குறப்பெல்லாம் கேப்பான், பதில் தெரிஞ்சே கேப்பான். 13 பேரு, 3 யூனிட்டு, எல்லாஞ் சேந்து 1 டீம், கூட்டிக்க. ஹிப்ஹாப் தனி, பாடுறவங்க தனி, ஆடுறவங்க தனி. 2015 மே மாசம் அறிமுகமானாங்க. பெரும்பாலான பாட்டுல வூஜி கை இருக்கும், டான்ஸ்னா ஹோஷி, மொத்த கூட்டத்தையும் கட்டி மேய்க்கிறது எஸ்.கூப்ஸ். எங்க பக்கம் விசைப்படகுல போறவங்கள பாத்தீங்கன்னா டிரைவருக்கு ஒரு வேல, வலை எறக்குறவங்களுக்கு ஒரு வேல, ஐஸ்ல மீன் அடுக்குறவனுக்கு ஒரு வேல, சோறு ஆக்குறவனும் மீன் பிரிக்க ஒக்காந்துதான் ஆகணும், ஒருத்தன் சுணங்கினா மொத்த போட்டும் சுணங்கும். செவன்டீன் ஆடுறத பாக்குறப்ப எனக்கு அதுதான் தெரியும். டோண்ட் வான்னா க்ரை பாட்டுல 13 பேரும் ஒண்ணா நகர்றத பாருங்க, யாரு சென்டர்னே கண்ணு தேடாது.

ஆனா புதுசா வர்றவங்களுக்கு நான் பாட்ட மொதல்ல காட்டவே மாட்டேன். யூடியூப்ல கோயிங் செவன்டீன்னு அவங்களே நடத்துற ஷோ இருக்கு, அத போட்டு விட்ருவேன். சண்ட போட்டு, ஏமாத்தி, கத்தி, ஒருத்தன ஒருத்தன் மாட்டி விட்டு, பாக்க கல்யாண வீட்டுல மொட்ட மாடில படுத்துருக்குற பசங்க மாதிரியே இருப்பானுங்க. அதுல விழுந்தாச்சுன்னா அப்புறம் பாட்டுக்கு தானா வந்துருவாங்க. கச்சேரி கடைசில வெரி நைஸ் பாட்ட முடிக்கிற மாதிரி முடிச்சு திருப்பி திருப்பி ஆரம்பிப்பாங்க, அந்த வீடியோ மட்டும் பாத்தா போதும், நேர்ல பாக்குற காலம் எனக்கு வருமோ வராதோ.

ஏட்டீஸ் கத வேற. 2018 அக்டோபர்ல வந்தவங்க, 8 பேரு, எடுத்த எடுப்புலயே கடல் கொள்ளக்காரங்கன்னு ஒரு கான்செப்ட், மொத பாட்டு பேரே பைரட் கிங், லீடரு ஹோங்ஜூங்க ரசிகருங்க கேப்டன்னுதான் கூப்புடுறது. கடக்கரைல பொறந்தவளுக்கு இத விட வேற என்ன வேணும்னு நெனச்சு தடைக்காலத்துல அப்பா வீட்டுல இருக்குறப்ப டிவில போட்டு காமிச்சேன். (வெளியூர்க்காரங்களுக்கு: ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்கு போகாது, அப்பா எல்லாம் வலைய சரி பண்ணிக்கிட்டு வீட்டுல இருப்பாங்க, ரிமோட் யாரு கைலன்னு தெனமும் பஞ்சாயத்து நடக்கும்.) அந்த வீடியோ மொராக்கோல எடுத்தது, பாதிக்கு மேல மணலு. அப்பா கொஞ்ச நேரம் பாத்துட்டு "ஏம்மா, கடல் கொள்ளக்காரன்ற, தண்ணியவே காணோம், போட்டு எங்க நிக்குது?"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்கு பதிலே இல்ல. அப்பத்தா மட்டும் "ஆடுற புள்ளைகள ஏன்டா நொட்ட சொல்ற, நல்லாத்தான ஆடுறாக"ன்னு எனக்காக பேசுச்சு. அப்பத்தாவுக்கு கொரியா எங்க இருக்குன்னு தெரியாது, ஆனா செவப்பு முடிக்காரன் யாருன்னு அடுத்த வீடியோலயும் கேட்டுச்சு.

அந்த 8 பேர்ல என் பயாஸ், அதான் எனக்கு ரொம்ப புடிச்ச ஆளு, சான். அவன் ஊரு நாம்ஹே. கொரியாவுக்கு தெக்க இருக்குற தீவு, 1973ல ஒரு தொங்கு பாலம் கட்டி கரையோட சேத்தாங்க. அந்த ஊரு எதுக்கு பேரு போனதுன்னு தேடுனா நெத்திலி! தண்ணி வேகமா ஓடுற எடத்துல மரக்கம்பு நட்டு, மூங்கில் அடைப்பு வெச்சு, நீரோட்டத்தோட வர்ற நெத்திலிய உள்ள சிக்க வெச்சு புடிப்பாங்களாம், வலைல இழுத்து அடிபடாததால அந்த நெத்திலிக்கு வெல ஜாஸ்தி. தீவு, பாலம், நெத்திலி கருவாடு, என்னங்கடா இது எங்க பாம்பன் கணக்கா இருக்குன்னு அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு தூக்கம் இல்ல. இதெல்லாம் ஒரு காரணமான்னு கேக்காதீங்க, பயாஸ் எடுக்குறதுக்கு எந்த காலத்துல காரணம் இருந்துச்சு.

இன்னொண்ணு. கொரியாக்காரங்க பொறந்தநாளுக்கு கடல்பாசி போட்டு சூப் வெச்சு குடிப்பாங்க, புள்ள பெத்தவங்களுக்கும் அதான் குடுப்பாங்க. லைவ்ல ஒருத்தன் அத குடிக்கிறத எங்க பெரியம்மா எட்டி பாத்துட்டு "பாசியவா திங்கிறாக?"ன்னு ஆச்சரியப்பட்டுச்சு. அது பாசி எடுக்குற பெரியம்மா. விரல்ல துணிய கிழிச்சு சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, கடலுக்குள்ள இருக்குற பார் பாறைல முங்கி பிச்சு சாக்குல கட்டி இழுத்துட்டு வரும், துணிய அவுத்தா விரல் பூரா வெள்ள வெளேர்னு ஊறிப்போய் கெடக்கும். காய வெச்சு ஏவாரிக்கு போடுறதோட சரி, வீட்டு அடுப்புக்கு அது வந்ததில்ல. ஆனா கீழக்கரை ஃப்ரெண்டு வீட்டுல நோன்பு மாசம்னா அந்த பாசிலேந்து எடுக்குற அகர காய்ச்சி, பாலும் ரோஸ் கலரும் ஊத்தி, தட்டுல ஒறைய வெச்சு துண்டு போடுவாங்க. அவதான் எனக்கு செவன்டீன அறிமுகப்படுத்துனவ, ஃபோன் கவருக்குள்ள செவன்டீன் வோன்வூ ஃபோட்டோகார்டு வெச்சிருப்பா, அவ உம்மா அது யாரு மாப்ளன்னு கேட்டு ஒரு நாள் வீடே ரெண்டாயிருச்சு.

பிடிஎஸ் பத்தி எழுதாத ஆளு இல்ல, அதனால ஒரே ஒரு பாட்டு. 2017ல வந்த ஸ்பிரிங் டே. 2014 ஏப்ரல் 16ல கொரியால சேவோல்னு ஒரு கப்பல் முழுகி 304 பேரு போயிட்டாங்க, அதுல ரொம்ப பேரு டூர் கெளம்புன ஸ்கூல் புள்ளைங்க. இந்த பாட்டு அந்த புள்ளைங்களுக்குத்தான்னு ரசிகருங்க ரொம்ப பேரு கேக்குறாங்க. பாக்கணும் போல இருக்குன்னு சொல்ற பாட்டு, அவ்ளோதான், அதுக்கு மேல ஒண்ணும் பெருசா சொல்லாது. காத்தடிச்ச ராத்திரி கரைல லைட்டோட நிக்கிற பொம்பளைங்கள பாத்து வளந்தவளுக்கு அந்த பாட்டு வேற மாதிரிதான் கேக்கும்.

பிளாக்பிங்க்? நாலு பேருமே கெத்து, ஒத்துக்குறேன். ஆனா 2016ல வந்து மொத முழு ஆல்பம் 2020லதான் குடுத்தாங்க, அவ்ளோ பொறும எனக்கு இல்லங்க. மாமாமூ குரலுக்காக கேப்பேன். மத்ததெல்லாம் கம்பேக், அதான் புது பாட்டு, வந்தா ஒரு தடவ பாத்துட்டு விட்ருவேன். புது பாட்டு பொதுவா கொரியால சாயங்காலம் 6 மணிக்கு விடுவாங்க, அது நமக்கு மத்தியானம் 2:30, சரியா கரண்ட் போற நேரம்.

சரி, நாவலுக்கு வர்றேன்.

யங் அடல்ட் நாவல்ல எனக்கு பெரிய கொறை, அதுல வர்ற புள்ளைங்களுக்கு அப்பா அம்மா இருக்க மாட்டாங்க. செத்துருப்பாங்க, இல்ல வேலைக்கு போயிருப்பாங்க, இல்ல கதை முடியிற வரைக்கும் மகளே மகளேன்னு ஒரு ஃபோன் கூட பண்ண மாட்டாங்க. ராத்திரி ஜன்னல் வழியா எறங்கி போகுது ஹீரோயினு. எங்க தெருவுல ஜன்னல தொறந்தாலே எதுத்த வீட்டு அத்த "என்னத்தா இன்னும் தூங்கலையா?"ன்னு கேக்கும். அதனாலயே ட்விலைட்லாம் எனக்கு ஒட்டவே இல்ல, வேம்பயர நம்பிட்டேன், கேள்வி கேக்காத அந்த அப்பாவத்தான் நம்ப முடியல.

தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ் படிச்சு எல்லாரும் அந்த லவ்வுக்கு அழுதாங்க. பதினாறு பதினேழு வயசுல யாரு அப்புடி வசனம் பேசுவான்னு எனக்கு பாதி எடத்துல எரிச்சலு. ஆனா அதுல ஹேசலோட அம்மா, புள்ள ஆஸ்பத்திரில கெடக்குறப்ப இனிமே நான் அம்மாவே இல்லாம போயிருவேனேன்னு அழுவாங்க, அந்த புள்ளைக்கு அது கேட்டுரும். அதுக்குத்தான் நான் அழுதேன். அந்த ஒரு எடத்துக்காக அந்த புக்க யாரு திட்டுனாலும் நான் சண்டைக்கு போவேன், மத்த பக்கத்துக்கெல்லாம் அவங்க கூட சேந்து திட்டுவேன்.

ஹங்கர் கேம்ஸ் எனக்கு உசுரு. ஹீரோயினுக்கு ஜோடி பீட்டாவா கேலான்னு கேக்குறவங்கள எனக்கு புடிக்காது, அந்த கதைல அதுவா முக்கியம்? பன்னெண்டு டிஸ்ட்ரிக்டும் ஒழைக்குது, கேப்பிட்டல் ஒக்காந்து திங்குது, அதான கதை. அதுல டிஸ்ட்ரிக்ட் 4 மீன்புடி ஊரு. அந்த ஊரு ஃபின்னிக், ஒருத்தர ஒருத்தர் கொல்ற அந்த வெளையாட்டுல 14 வயசுல ஜெயிச்சவன், கொடியெல்லாம் பின்னி வலையாக்கி, ஆளுங்கள சிக்க வெச்சு, சூலத்தால குத்துவான். எல்லாரும் அவன் அழக பத்தி பேசுவாங்க. நான் பாத்தது வேற, மூணாவது புக்குல மனசு ஒடஞ்சு ஒக்காந்துருக்குறப்ப ஒரு கயித்து துண்ட வெச்சு முடிச்சு போட்டு போட்டு அவுத்துக்கிட்டே இருப்பான். எங்க அப்பா கவலைன்னா வாயே தொறக்காது, வலை ஊசிய எடுத்துட்டு திண்ணைல போய் ஒக்காந்துரும். அத எழுதுனவங்களுக்கு இது எப்புடி தெரிஞ்சுதுன்னு இருந்துச்சு.

சிக்ஸ் ஆஃப் க்ரோஸ், 2015ல வந்தது, இதுதான் எனக்கு எல்லாத்துக்கும் மேல. 6 பேரு, ஆளுக்கொரு தெறம, ஆளுக்கொரு காயம், யாராலயும் ஒடைக்க முடியாத ஒரு கோட்டைக்குள்ள போய் ஒரு ஆள தூக்கிட்டு வரணும். லவ்வு இருக்கு, ஆனா வேல முடிஞ்சாத்தான் லவ்வு. நான் ஏற்கனவே சொன்னேன்ல கூட்டம்னு, இதான். இந்த புக்க முடிச்ச கையோட ஏட்டீஸ் பாட்ட கேட்டா 8 பேரும் அந்த கதைல வர்ற கெட்டர்டாம் துறைமுகத்துல திரியிற மாதிரியே இருக்கும், நீங்களே வேணா முயற்சி பண்ணி பாருங்க.

கொரியாவும் நாவலும் ஒண்ணா வேணும்னா ஆக்ஸி ஓ எழுதுன தி கேர்ள் ஹூ ஃபெல் பினீத் தி சீ இருக்கு, 2022. கொரியால ஷிம் சோங்னு பழைய கதை, கண்ணு தெரியாத அப்பாவுக்கு பார்வ வரணும்னு 300 மூட்ட அரிசிக்கு தன்னைய வித்து, மாலுமிங்க அவள கடல்ல போடுற கதை. இந்த நாவல்ல அவளுக்கு பதிலா மீனான்னு வேற ஒரு பொண்ணு குதிக்கும். மொத அத்தியாயம் படிக்கிறப்ப எனக்கு புல்லரிச்சு போச்சு. 1964 புயல்ல தனுஷ்கோடி போனத அப்பத்தா சொல்லி சொல்லி கேட்டவ நான், கடலுக்கு கோவம்னா என்னன்னு யாரும் வெளக்க வேணாம். ஆனா கடலுக்கு அடில போனப்புறம் அழகான ஆம்பளைங்க ஒவ்வொருத்தனா வர ஆரம்பிச்சுட்டாங்க, கடல் எங்க போச்சுன்னே தெரியல. பாதி புக்கு அருமை, பாதி புக்கு சும்மா.

தமிழ்ல இப்புடி ஒண்ணும் இல்லையான்னு கேப்பீங்க. ராமநாதபுரம் புத்தக திருவிழால தேடி தேடி பாத்தேன், சின்ன புள்ளைங்க புக்கு இந்த பக்கம், பெரியவங்க புக்கு அந்த பக்கம், நடுவுல பாயாசம் விக்கிறாங்க. எங்க சித்தி என் வயசுல ரமணிச்சந்திரன் படிச்சுது, இப்பவும் படிக்குது. அது கல்யாணத்துல போய் முடியிற கதை, எனக்கு கல்யாணத்துக்கு முன்னாடி இருக்குற கதை வேணும்.

ஆனா ஒருத்தி இருக்கா. கல்கில 1950ல தொடரா ஆரம்பிச்ச பொன்னியின் செல்வன்ல பூங்குழலி. ராத்திரில தனியா படக தள்ளிக்கிட்டு கோடிக்கரைலேந்து இலங்கைக்கு வந்தியத்தேவன கூட்டிட்டு போற பொண்ணு. அவளுக்கு கலங்கரை விளக்கம் காக்குற அப்பா இருக்காரு, அண்ணன் இருக்கான், வம்பு புடிச்ச அண்ணி இருக்கா, அவமேல உசுரா இருக்குற அத்த மகன் இருக்கான், ஊமை அத்தை வேற. குடும்பம் பூரா இருந்தும் அவ படக தள்ளிட்டு போனாளா இல்லையா? அப்ப வெள்ளக்கார நாவல்ல மட்டும் எதுக்கு எல்லாரையும் கொல்லணும்? எனக்கு குந்தவைய விட வானதிய விட இவ பாகம் தனி புக்கா வந்துருந்தா போதும், அஞ்சு பாகத்துல அவ வர்ற பக்கத்த மட்டும் மடிச்சு வெச்சிருக்கேன்.

அடுத்து கேர்ள்ஸ் ஜெனரேஷன்ங்குற கே-பாப் குழுல இருந்த ஜெசிகா எழுதுன ஷைன் படிக்கணும், ட்ரெய்னி பொண்ணுங்க படுற பாட்ட உள்ள இருந்து பாத்தவங்க எழுதுனதுன்றதால ஒரு ஆச. கீழக்கரைக்காரி கைல இருக்கு, பாதிலயே நிக்குது, முடிச்சுட்டு தர்றேங்குறா. அதுவரைக்கும் வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. கூட்டமா இருக்கணும், முக்கோணம் இருக்கக்கூடாது, அப்பா அம்மால ஒருத்தராவது கடைசி வரைக்கும் உசுரோட இருந்தா ரொம்ப சந்தோசம்.