அத்தையின் பாஸ்போர்ட்

ஏற்காட்டு அத்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப்போகிறோம் என்றதும், செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறைக்கு வந்துபோகிறவர்கள் எல்லோரும் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லா யோசனையும் ஒரு புரோக்கரிடம் போய் முடிந்தது. அவரோ, "அம்மா பத்தாவது படிக்கவில்லை, பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை விழும், அதைத் தவிர்க்கத் தனியாகச் செலவாகும்" என்றார். படிப்பு குறைந்தவர்கள் சில நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசின் அனுமதி வாங்கவேண்டும் என்பதற்கான முத்திரை அது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்தச் சோதனையே கிடையாது. அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. இப்படிப் பயம் காட்டியே எத்தனை பேரிடம் கறந்திருப்பாரோ!

அரசின் பாஸ்போர்ட் சேவா தளத்தில் நானே விண்ணப்பித்தேன். அதே சாயலில் போலித் தளங்கள் உண்டு, முகவரியைப் பார்த்து நுழையுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். புதிதாக எடுக்கும் அறுபது கடந்தவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி, ஆக 1,350. முன்பு இதற்குக் கோயம்புத்தூருக்கு ஓடவேண்டும். 2017 முதல் தபால் நிலையங்களிலும் சேவை மையம் வந்துவிட்டதால் சேலம் தலைமைத் தபால் நிலையத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது.

உண்மையான பாடு அதற்கு முன்னால். ஆதாரில் அத்தையின் பெயருக்கு முன் அவர் அப்பாவின் முதலெழுத்து. வாக்காளர் அட்டையில் மாமாவின் முதலெழுத்து. ரேஷன் கார்டில் முதலெழுத்தே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று அத்தையின் ஊரான நாகலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கணினி சொல்லாது. பாஸ்போர்ட்டில் முதலெழுத்துக்கு இடமில்லை, விரித்து எழுதியாகவேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடலாம்தான். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்து, பிறகு கொஞ்சம் தளர்த்தியது. எதற்கு வம்பு என்று மாமாவின் பெயரை அந்தக் கட்டத்தில் சேர்க்க முடிவு செய்து, முதலில் ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் அதற்கேற்பத் திருத்தினோம். நல்லவேளை, 2016 டிசம்பரில் வந்த விதித் தளர்வால் திருமணச் சான்றிதழ் தேவைப்படவில்லை. கோயிலில் தாலி கட்டிய கல்யாணத்துக்கு எந்தப் பதிவேட்டைப் போய்த் தேடுவது?

பிறந்த தேதி அடுத்த சங்கதி. பழைய ஆதாரில் வருடம் மட்டும் இருந்தது. ஐந்தாவது வரை படித்த பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கியதில் ஜூன் மாதத்துத் தேதி ஒன்று கிடைத்தது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. "நான் ஐப்பசி அடைமழையில் பிறந்தவள் கண்ணு, ஜூன் மாதம் எப்படி வரும்?" என்று அத்தைக்கு ஏகக் கோபம். இனி அரசாங்கத்துக்கு நீங்கள் ஜூன்காரிதான் அத்தை என்று சமாதானம் சொன்னேன்.

தபால் நிலையத்தில் அதிகாரி தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்த்ததோடு சரி. கைரேகைதான் படுத்தியது. இத்தனை வருடம் காப்பிப் பழம் பறித்தும் மிளகுக் கொடி கட்டியும் தேய்ந்த விரல்களை இயந்திரம் அடையாளம் காண மறுத்தது. அங்கிருந்த பெண் ஊழியர் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பிடித்து எப்படியோ பதிவு செய்துவிட்டார். அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

ஏற்காடு காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர் அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிறகு விரைவு அஞ்சலில் புத்தகம் வந்தது. சிங்கப்பூரிலிருந்து அத்தையின் மகன் அன்றைக்கே அழைத்து, விசாவுக்கு ஏற்பாடு செய்யட்டுமா, பேத்தியைப் பார்க்க எப்போது வருகிறாய் என்று கேட்டான்.

"இது எத்தனை வருடம் செல்லும்?" என்று அத்தை என்னிடம் கேட்டார்.

"பத்து வருடம்."

"அப்புறம் என்ன அவசரம்? காப்பிப் பறிப்பு முடியட்டும்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டார்.