ஒன்பது நாள் கண்காட்சிக்கு ஒன்பது மாத அலைச்சல்

மல்லபாடிப் பாறையை வரைந்த என் படத்தின் வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் இப்போது இல்லை. என் கையெழுத்தும் தேதியும் அந்த இடத்தில்தான் இருந்தன. ஃபிரேம் கடையில் கேட்டபோது, "சைஸ் உக்காரலைங்க அக்கா, கொஞ்சம்தான் வெட்டினோம்" என்றார்கள். வெட்டிய துண்டைக் கேட்டேன். குப்பையோடு போய்விட்டதாம். கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கண்காட்சி முடிந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று படம் விற்றது, பார்த்தவர்கள் நல்லபடியாகவே சொன்னார்கள். ஆனாலும் அந்த ஓரம் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்து வைக்கப்போகிறவர்களுக்காவது இது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியில் மாதம் ஒரு உள்ளூர் ஓவியருக்கு இடம் கொடுக்கும் அந்தச் சின்னக் கூடத்தைப் பற்றி, இந்தப் பக்கம் படம் போடுகிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். மாதத்தின் கடைசி சனிக்கிழமை திறந்தால் அடுத்த வார ஞாயிறு மாலை வரை, ஒன்பது நாள். நமக்கு ஒரு கண்காட்சி பார்க்க வேண்டுமென்றால் ஒன்று சென்னை, இல்லையென்றால் பெங்களூர். ஜனவரியில் பெங்களூரில் சித்ரகலா பரிஷத் நடத்தும் ஓவியச் சந்தைக்கு நான் போகாத வருடம் குறைவு. அங்கே தெருவில் நின்று, நம் ஊர்க் குண்டுப் பாறைகளையும் கரடுகளையும் நம் ஊர்க்காரர்கள் எங்கே பார்ப்பார்கள் என்று நினைத்ததுண்டு. அதனால்தான் இவ்வளவு அலைந்தேன்.

விண்ணப்பம் ஒரு பக்கம்தான். ஜனவரியில் கொடுத்தேன். மூன்று படங்களின் போட்டோ, நம்மைப் பற்றி ஒரு பத்தி, படங்களின் பட்டியல். இந்தப் பட்டியலில்தான் முதல் தவறு. அளவு என்ற இடத்தில் தாளின் அளவை எழுதிவிட்டேன், 11க்கு 15 அங்குலம். நீர்வண்ணத் தாளில் முழுத்தாளை நாலாக மடித்தால் வரும் அளவு. ஆனால் சுவரில் தொங்குவது தாள் இல்லையே. சுற்றிலும் இரண்டு அங்குலம் மவுன்ட், அதாவது தாளைச் சுற்றி வைக்கும் அட்டை, அதற்கு மேல் ஒரு அங்குலம் சட்டம் என்றால் 17க்கு 21 ஆகிவிடுகிறது. அங்கே படம் மாட்டக்கூடிய சுவர் இரண்டுதான், ஒவ்வொன்றும் பதினைந்தடி. தாள் அளவை வைத்துப் பதினான்கு படம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஃபிரேம் போட்ட அளவு தெரிந்த பிறகு பன்னிரண்டுக்கு மேல் இடமில்லை. காவேரிப்பட்டணம் பாலத்திலிருந்து பார்த்த தென்பெண்ணையையும், மழை நின்றபின் சையத் பாஷா மலையையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஃபிரேமோடு சேர்த்து அளந்து எழுதுங்கள். எது அகலம், எது உயரம் என்பதையும் எழுதுங்கள்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஜூன் மாதம் விழுந்தது. நான் மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஜூனில் பெங்களூரா மாங்காய் லோடு ராத்திரி பகலாக வந்து நிற்கும். எடைச்சீட்டு பார்க்கவே நேரம் போதாது, லீவு என்று வாயெடுக்க முடியாது. செப்டம்பர் கிடைத்த ஓசூர் கல்லூரி மாணவர் ஒருவர் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். அந்தத் தம்பிக்கு இங்கேயே ஒரு நன்றி.

ஆனால் பேர் மாறியதும் வேறு வினை வந்தது. கூடத்தை நடத்துகிறவர்கள் நல்லவர்கள். கட்டடம் வேறு ஒரு நிர்வாகத்துடையது, ஆயிரம் ரூபாய் முன்பணத்தை அவர்கள் அலுவலகத்தில் கட்ட வேண்டும். முதல் முறை போனபோது, அங்கிருந்த எழுத்தர் பட்டியலில் வேறு பேர் இருக்கிறது, புதுக் கடிதம் வேண்டும் என்றார். கடிதத்தோடு போனேன். நகல் செல்லாது, அசல் வேண்டும் என்றார். அசலோடு போனேன். ஆதார் நகலில் கையெழுத்து இல்லை என்றார். பேனாவை எடுத்து அங்கேயே போடுகிறேன் என்றால், "சாப்பாட்டு நேரம்மா, நாளைக்கு வாங்க." மணி பன்னிரண்டே முக்கால். ஒவ்வொரு முறையும் அரை நாள் சம்பளம், காவேரிப்பட்டணத்திலிருந்து பஸ். நான்காம் முறை ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "இன்னும் என்னென்ன வேணும்னு இதுல எழுதிக் கொடுத்திடுங்க சார், மொத்தமா கொண்டு வந்துடறேன்" என்றேன். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எழுதவே இல்லை. ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார். முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இப்போது ஒரு வெள்ளைத்தாளோடுதான் போகிறேன்.

சரி, ஃபிரேம். ஆகஸ்ட் கடைசியில் பன்னிரண்டு படங்களைக் கொடுத்தேன். பத்து நாள் என்றார்கள். ஆயுத பூஜை நெருங்குகிற நேரம் ஃபிரேம் கடைகளில் சாமி படங்கள் மலையாகக் குவியும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நாலு முறை போய்த் திரும்பி, கண்காட்சிக்கு நாலு நாள் முன்புதான் படங்கள் கைக்கு வந்தன.

மல்லபாடிப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்கூர் பக்கம் அந்தக் குன்றில், பாறையின் மேல், குதிரைகளில் இருந்தபடி இரண்டு பேர் மோதுவதை வெள்ளை நிறத்தில் எழுதியிருக்கிறார்கள். பழங்காலத்துக் கை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாகப் பூசுவதில்லை, தாளின் வெள்ளையை விட்டுவைப்பதுதான். அந்த இரண்டு குதிரைகளையும் நான் வரையவே இல்லை. சுற்றியிருக்கும் பாறையை மட்டும் சாம்பலும் காவியுமாக மெல்ல மெல்லக் கொண்டுவந்தேன். குதிரையின் காலுக்கும் காலுக்கும் நடுவே ஒரு மயிரிழை பிசகினாலும் தாள் போச்சு. பதினொரு நாள் ஆயிற்று. வலது ஓரத்தில் பாறை முடிந்து வெயிலில் காய்ந்த புல் தொடங்கும். அந்தப் புல்லைத்தான் வெட்டியிருக்கிறார்கள். இப்போது பாறைக்கு முடிவே தெரியவில்லை. மவுன்ட்டில் ஒரே அளவு ஜன்னல்களாக மொத்தமாக வெட்டிவைத்து, அதற்குள் அடங்காத படத்தைக் கத்தரித்திருக்கிறார்கள். வேறு இரண்டு படங்களில் மவுன்ட்டே இல்லை, கண்ணாடி நேராகத் தாளின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றது. மழைக்காலத்தில் அப்படி இருந்தால் உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், வண்ணம் கண்ணாடியோடு வந்துவிடும். அந்த இரண்டையும் அன்று ராத்திரியே பிரித்து நானே மவுன்ட் வைத்தேன். தாளின் மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் காகிதப் பட்டையை மைதா பசையால் ஒட்டினால் போதும். இருபக்க டேப் வேண்டாம், நாலு வருடத்தில் மஞ்சளாகக் கறை இறங்கும்.

கடைக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு படத்தையும் நாலு ஓரமும் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதின் மேல் 'தாளை வெட்டக் கூடாது' என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது நிற்கவில்லை. நான் மூன்று முறை சொல்லியிருந்தேன்.

அந்தப் படத்தை மாட்டுவதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தேன். கூடத்தில் இருந்த மூத்த ஓவிய ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "குதிரை ரெண்டும் பத்திரமா இருக்கும்மா. மாட்டு. முன்னால மறுபடி கையெழுத்துப் போடாதே, அது இட்டுக்கட்டினது மாதிரி இருக்கும். பின்பக்கம் நடந்ததை எழுதித் தேதி போடு" என்றார். அப்படியே செய்தேன்.

படங்களைக் கொண்டுபோனது சுலபமாக முடிந்தது. ஆலையிலிருந்து மாம்பழக் கிரேட்டுகளை வாங்கி, பழைய போர்வைத் துணி விரித்து, படங்களை நிற்க வைத்து, முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினோம். படுக்க வைத்தால் முதல் வேகத்தடையிலேயே கண்ணாடி போய்விடும். கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் காகித டேப் ஒட்டிவிட்டால், உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது. தம்பி டாட்டா ஏஸ் ஓட்டி வந்தான், ஒன்றுகூட உடையவில்லை.

சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், மேலே ஓடும் கம்பியிலிருந்துதான் தொங்கவிட வேண்டும். நைலான் நரம்பில் கட்டினேன். வெள்ளிக்கிழமை மாலை மட்டம் பார்த்து மாட்டிவிட்டு டீ குடித்து வருவதற்குள், கனமான படங்கள் எல்லாம் அரை அங்குலம் இறங்கியிருந்தன. நைலான் பாரத்துக்கு நீளும். அவிழ்த்துவிட்டுக் கட்டுக்கம்பியில் மறுபடி கட்டினோம், இரவு பத்தரை ஆயிற்று. இன்னொன்று, வடக்குச் சுவர் மழையில் ஓதம் காக்கிறது. படத்தின் பின்னால் கீழ் மூலைகள் இரண்டிலும் அழிரப்பரைத் துண்டாக்கி ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். மேற்கு ஜன்னலின் வெயில் மாலையில் எதிர்ச் சுவரின் கடைசி இரண்டு படங்களின் மேல் விழும், அங்கே நீர்வண்ணம் மாட்டாதீர்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. வியாழக்கிழமை செய்தித்தாளில், மாதாந்திரப் பராமரிப்புக்காகச் சனிக்கிழமை மின்தடை என்று வந்தது. கூடம் இருக்கும் தெருவும் அந்தப் பட்டியலில். மாலை ஐந்தரைக்கு மாற்றி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். திறந்துவைக்க வேண்டிய ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருக்கு வாட்ஸ்அப் இல்லை என்பது யாருக்கும் நினைவில்லை. பத்து மணிக்குச் சரியாக வேட்டி சட்டையில் வந்து நின்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர், "ஜன்னலைத் திறம்மா, வெளிச்சம் இருக்கே" என்றார். மின்விசிறி இல்லாத அந்தக் கூடத்தில் முக்கால் மணி நேரம் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றார். டியூப் லைட்டில் வெளிறித் தெரிந்த காவி நிறம் காலை வெளிச்சத்தில் அப்படியே பாறை நிறமாக இருந்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன். மாலையில் மறுபடி வந்து முறைப்படி திறந்துவைத்தார். மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு நேரம் குறியுங்கள். ஆனால் ஒருமுறையாவது உங்கள் படங்களைப் பகல் வெளிச்சத்தில் அங்கே பார்த்துவிடுங்கள்.

ஒன்பது நாளில் ஒருவரை மறக்க முடியாது. ஜெகதேவி பக்கம் கல் வேலை செய்கிறவர், மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துப் போகும் வழியில் உள்ளே வந்தார். கல் குவாரிப் படத்தின் முன் நின்றுவிட்டார். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. துளை இவ்வளவு தள்ளித் தள்ளிப் போட்டா கல்லு நேராப் பிளக்காது, வெடிப்பு கோணலா ஓடிரும். ஒரு சாணுக்குள்ள ரெண்டு துளையாவது வேணும்." கண்ணாடியைத் தொடாமல், ஒரு விரல் தள்ளி, துளைகள் எங்கெங்கே வர வேண்டும் என்று புள்ளி புள்ளியாகக் காட்டினார். விரலெல்லாம் கல்தூள் வெண்மை. நான் அழகுக்காக இடைவெளி விட்டிருந்தேன். அன்றைக்கே அந்தப் படத்தின் விலைச்சீட்டை எடுத்துவிட்டேன். ஜெகதேவி போய், நேரில் பார்த்து, மறுபடி வரைய வேண்டும். மகளை அழைத்துக்கொண்டு இன்னொரு நாளும் வந்தார், மல்லபாடிப் படத்தைக் காட்டி அந்தக் குழந்தைக்குக் குதிரைகளை எண்ணச் சொன்னார்.

முன்பணத்தைத் திரும்ப வாங்கப் போனபோது அதே எழுத்தர். மஞ்சள் ரசீதின் அசல் கேட்டார். கைப்பையில் தயாராக இருந்தது, எடுத்து வைத்தேன். பத்து நிமிடத்தில் ஆயிரம் ரூபாய் வந்துவிட்டது. அந்த ரசீதைத் தொலைத்தவர்கள் மாதக்கணக்கில் அலைந்ததாகக் கூடத்தில் சொன்னார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை பாலக்கோட்டுப் பெண் ஒருத்தி படம் மாட்டுகிறாள். மிச்சமிருந்த கட்டுக்கம்பியையும் ரப்பர் துண்டுகளையும் கொடுத்துவிட்டு வந்தேன். பத்தொன்பது படம் வைத்திருக்கிறேன் அக்கா, இடம் போதுமா என்று கேட்டாள். அளவு டேப்பை எடுத்து வரச் சொன்னேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சட்டத்தோடு சேர்த்து அளக்கத் தொடங்கினோம்.