மலைக்குளிரும் பச்சிளம் குழந்தையின் உடற்சூடும்

உதகை, கோத்தகிரிப் பக்கம் உறைபனிக் காலத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் குழந்தையின் கன்னத்தைத்தான் பார்க்கிறார்கள்; சிவந்திருந்தால் ஆரோக்கியம் என்று மகிழ்கிறார்கள். ஆனால் உடல்வெப்பம் மிகவும் தாழ்ந்துபோன குழந்தைக்கும் முகம் சிவந்திருக்கக்கூடும் என்பதால், அந்த நிறத்தை நான் நம்புவதில்லை. புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பதே மேல். இரண்டும் சூடாக இருந்தால் நலம். பாதம் மட்டும் சில்லிட்டிருந்தால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது. வயிறும் சில்லிட்டிருந்தால் உடனே சூடேற்றியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பான வெப்பம். 32 டிகிரிக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளப் பச்சிளம் குழந்தைக்குத் தெரியாது. பிடரியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது வெப்பம் உண்டாக்குகிறது. அதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் மிகுதியாகச் செலவாவதால், இரத்தத்தில் சர்க்கரை குறைகிறது, மூச்சுத் திணறுகிறது, பால் உறிஞ்சும் வலுவும் போய்விடுகிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கொழுப்பின் இருப்பே சொற்பம்.

பிற்காலத்தில் என்ன ஆகும் என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். குளிர் தனியாக வருவதில்லை. எடைக்குறைவும் நோய்த்தொற்றும் அதனுடன் சேர்ந்தே வருவதால், பின்னாளைய குறை ஒவ்வொன்றையும் குளிரின் கணக்கில் எழுதுவது சரியல்ல. என்றாலும், இரத்தச் சர்க்கரை வெகுநேரம் தாழ்ந்தே இருந்தால் மூளையின் பின்பகுதி பாதிக்கப்பட்டு, பார்வையிலும் கற்றலிலும் குறை நேரலாம். வளர்ச்சிக்கு வேண்டிய ஆற்றல் வெப்பத்துக்கே செலவாவதால் எடையும் மெதுவாகத்தான் ஏறும். (பிறக்கும்போது மூச்சுத் திணறிய சில குழந்தைகளை மருத்துவர்களே 72 மணி நேரம் 33–34 டிகிரியில் குளிர்வித்து மூளையைக் காக்கிறார்கள், அது தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்காணிப்பில் நடக்கும் வேறு சங்கதி.)

குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டிவைக்கும் கங்காரு பராமரிப்பை, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கினார். அவ்வாறு பேணப்பட்டவர்களை இருபது ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, பள்ளிக்குப் போகாமல் இருப்பதும் முரட்டுத்தனமும் குறைவாகக் காணப்பட்டன. தாய்ப்பாலுக்கும் நெருக்கத்துக்கும் அதில் பங்குண்டு என்பதால், முழுப் பெருமையையும் சூட்டுக்கே நான் கொடுக்க மாட்டேன்.

நம் வீடுகளில் பெரிய தகராறு குளியலைப் பற்றித்தான். பிறந்த அன்றே குளிப்பாட்ட வேண்டும் என்று பாட்டிமார் வற்புறுத்துவார்கள். குறைந்தது 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும், உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்படலத்தைத் தேய்த்து எடுக்கவும் கூடாது. கதவு சன்னலை அடைத்துவிட்டுக் கரி அடுப்பு மூட்டுவது குளிரைவிடக் கொடியது, அதன் புகை நச்சு. தாய் களைத்திருந்தால் தகப்பனோ பாட்டியோ சட்டைக்குள் குழந்தையை அணைத்துக்கொள்ளலாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு ஆம்புலன்சில் இறக்கும்போதும், மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, தலைக்குக் குல்லா போட்டு அப்படியே கொண்டுபோகலாம்.